குழி தோண்டுவதற்கு முன்

பழனி மலைக்கு மரம் நட வரும் தன்னார்வ நண்பர்களுக்கு,



தென்மேற்குப் பருவம் தொடங்கியதும் உங்கள் அழைப்புகளும் வரத் தொடங்கிவிடும். மதுரை, திண்டுக்கல், கோவைக் கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள், சென்னையிலும் பெங்களூரிலும் கணினி வேலை பார்ப்பவர்கள், சமவெளி ஊர்களின் பசுமைக் குழுக்கள். ஆயிரம் நாற்று கிடைக்குமா, எங்கே நடலாம், பேருந்து எதுவரை வரும் என்று கேட்பீர்கள். கொடைக்கானல் மலையில் சோலை மரக் கன்றுகளை வளர்க்கும் ஒரு சிறிய நாற்றங்காலில் வேலை பார்க்கிறவன் நான். அதனால் அந்த அழைப்புகளில் பல என்னிடமே வந்து சேர்கின்றன.

உங்கள் அக்கறையில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. கிடைத்த ஒரு விடுமுறை நாளையும் விட்டுக்கொடுத்து, சொந்தக் காசைச் செலவழித்து, மழையில் நனைந்துகொண்டு குழி தோண்டுகிறவர்கள் நீங்கள். அப்படிப்பட்டவர்களிடம் நேராகவே பேசலாம் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். நீங்கள் குழி தோண்ட விரும்பும் இடங்களில் பெரும்பாலானவை புல்வெளிகள். தயவுசெய்து அங்கே மரம் நடாதீர்கள். உங்கள் கைகள் செய்ய வேண்டிய வேறு வேலை இந்த மலையில் நிறைய இருக்கிறது, அது காத்திருக்காது. இதை ஏன் சொல்கிறேன் என்பதை விளக்க ஒரு சின்னப் பறவையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அதன் பெயர் சோலைக்கிளி. கிளிகளோடு அதற்கு உறவு கிடையாது. ஏறக்குறைய சிட்டுக்குருவி அளவு, குட்டையான வால், நீண்டு மெலிந்த கால்கள், புகை படிந்த நீல நிற உடல், வெண்மையான வயிறு. பழனி மலை, ஆனைமலை, ஏலமலை, மேகமலை என்று பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே உள்ள உயரங்களில் வாழ்வது வெண்வயிற்றுச் சோலைக்கிளி. உலகில் வேறெங்கும் அது இல்லை. நீங்கள் பேருந்தை விட்டிறங்கித் தேநீர் குடிக்கும் கடைக்குப் பின்னாலுள்ள சோலைத் துண்டிலேயே அது இருக்கக்கூடும். ஆனாலும் உங்களில் பெரும்பாலோர் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

காரணம், அது தரைப் பறவை. மர உச்சியில் அதற்கு வேலையில்லை. விடிந்தும் விடியாத நேரத்திலும் பொழுது சாயும்போதும் புதருக்குள்ளிருந்து அதன் பாட்டு எழும். சீழ்க்கைகளும் கரகரப்புமாகப் பின்னிக்கொண்டு போகும் நீளமான பாட்டு. மற்ற நேரங்களில் ஓடையோரக் குறிஞ்சிப் புதர்களின் அடியில், இலைக்குப்பை மேல் தத்தித் தத்தி, நின்று பார்த்து, பூச்சி பொறுக்கும். ஆள் அரவம் கேட்டால் பறந்து போகாது, இருட்டுக்குள் நழுவிவிடும். ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மாதங்களில் மரப் பொந்திலோ ஓடைக் கரையின் மண் பொந்திலோ பாசியும் சல்லி வேரும் வைத்துக் கூடு கட்டி இரண்டு முட்டை இடும்.

அந்தப் பறவைக்கு என்னென்ன தேவை என்று எண்ணிப் பாருங்கள். ஆண்டு முழுக்க ஈரம் காயாத தரை. மக்கிக்கொண்டிருக்கும் இலையும் விழுந்து கிடக்கும் கட்டையும், அவற்றுக்குள் புழு பூச்சி. பக்கத்தில் வற்றாத ஓடை. தலைக்கு மேல் அடர்ந்த நிழல். இவை எல்லாம் ஒன்றுசேர நூற்றாண்டுகள் ஆகும். மரம் என்பது அந்தப் பட்டியலில் ஒன்று மட்டும்தான்.

அது இங்கே எப்படி வந்து தங்கியது என்பதும் நம் மலைகளின் கதைதான். 1844இல் ஜெர்டன் என்ற மருத்துவர் நீலகிரியில் வாழும் சோலைக்கிளியை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். பழனி மலைப் பறவையை 1860களில் பிளான்ஃபோர்டு என்பவர் விவரித்தார். நெடுங்காலம் இரண்டையும் ஒரே இனத்தின் இரு வடிவங்களாகத்தான் வைத்திருந்தார்கள். குடும்பத்திலும் குழப்பம். இமயமலையில் இதே போலத் தரையில் ஒளிந்து வாழும் குட்டைச்சிறகுப் பறவைகள் சில உண்டு. அவற்றின் தூரத்துச் சொந்தம் என்று இவற்றை அங்கே சேர்த்தார்கள், பிறகு வேறொரு குழுவுக்கு மாற்றினார்கள். பார்வைக்கு ஒத்திருப்பதை நம்பிச் செய்த முடிவுகள்.

மரபணுவைப் படிக்கத் தொடங்கியதும் வேறொரு கதை வெளிவந்தது. வி. வி. ராபின், சுஷ்மா ரெட்டி, உமா ராமகிருஷ்ணன், சி. கே. விஷ்ணுதாஸ் முதலானோர் 2017இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பறவைகளுக்கென்று ஒரு தனிப் பேரினத்தையே நிறுவியது. நீல ஈப்பிடிப்பான்களுக்கு நெருக்கமான ஒரு கிளை எப்போதோ இந்த மலைகளுக்கு வந்து, இங்கேயே தனித்து வளர்ந்து, இங்கேயே பிரிந்திருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரிச் சோலைக்கிளி. தெற்கே நம் வெண்வயிற்றுச் சோலைக்கிளி. செங்கோட்டைக் கணவாயையும் தாண்டினால், பொதிகையும் மேல்கோதையாறும் அடங்கிய அகத்தியமலைத் தொடரில் மூன்றாவது ஒன்று. அதை அதே ஆய்வில்தான் முதன்முறையாகத் தனியாக விவரித்தார்கள். நம் சோலைகளில் கூட்டமாகச் சிரித்துத் திரியும் சிலப்பன் பறவைகளுக்கும் அந்த ஆய்வு தனிப் பேரினம் கொடுத்தது. அவையும் இதே மலைகளுக்குள் நான்காகப் பிரிந்து நிற்கின்றன. ஒரே மலைத்தொடரில், ஒரே மாதிரிக் காடுகளில், ஒன்றையொன்று அறியாத இரண்டு வம்சங்கள் ஒரே கணவாய்களால் பிரிந்திருக்கின்றன. நினைக்கும்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

பிரித்தது எது? கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்கு ரயிலில் போனவர்களுக்குத் தெரியும், மலையே ஏறாமல் மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்துவிடலாம். முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு மலைத்தொடர் அங்கே இல்லாமல் போய்விடுகிறது. நமக்கு அது வழி. குளிர்ந்த ஈர இருட்டுக்கென்றே உடல் அமைந்த பறவைக்கு அந்த வெக்கையான சமவெளி ஒரு கடல். 2015இல் வெளியான மற்றோர் ஆய்வில் ராபினும் அவருடைய குழுவினரும் ஒன்பது இடங்களிலிருந்து 23 இனங்களைச் சேர்ந்த 356 பறவைகளின் மரபணுவை ஒப்பிட்டார்கள். பத்து இனங்களில் மிகப் பழைய பிரிவு பாலக்காட்டுக் கணவாயில்தான் நிகழ்ந்திருந்தது. அந்தப் பத்தில் சில, குறுகிய, ஆழம் குறைந்த பள்ளத்தாக்குகளிலும் பின்னர் மீண்டும் பிரிந்திருந்தன. பனியுகங்கள் வந்து போனபோது காடுகள் விரிந்தன, சுருங்கின, சேர்ந்தன, விலகின. அந்த மூச்சோட்டத்தில் லட்சக்கணக்கான ஆண்டுகளாக மெல்ல மெல்ல உருவானவை இந்த இனங்கள்.

எல்லாப் பறவைகளும் இப்படிப் பிரியவில்லை என்பதையும் அதே ஆய்வு காட்டியது. 23இல் பாதிக்கும் மேற்பட்டவை கணவாயைப் பொருட்படுத்தவே இல்லை. எனவே, தான் பழகிய காட்டை விட்டு வெளியே கால் வைக்கத் தயங்கும் பறவை எதுவோ, அதைத்தான் இடைவெளி பாதிக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. சோலைக்கிளி அந்த வகையின் முதல் வரிசையில் இருக்கிறது. 2010இல் ராபின், அனிந்திய சின்ஹா, உமா ராமகிருஷ்ணன் ஆகியோர் இந்தப் பறவையை மட்டும் எடுத்துக்கொண்டு செய்த ஆய்விலேயே பழைய கணவாய்களின் தடம் அதன் மரபணுவில் ஆழமாகப் பதிந்திருப்பது தெரிந்தது.

இனி நான் சொல்லப்போவதுதான் உங்கள் வேலையோடு நேரடியாகத் தொடர்புள்ளது.

கணவாய் உண்டாக்கிய இடைவெளிக்குள்ளே நாமும் இடைவெளிகளை உண்டாக்கியிருக்கிறோம். கடந்த இருநூறு ஆண்டுகளில் நீலகிரியிலும் ஆனைமலையிலும் தேயிலை ஏறியது. இங்கே மேல்மலையில் மன்னவனூர், பூம்பாறை, கூக்கால் சரிவுகளில் உருளைக்கிழங்கும் பூண்டும் கேரட்டும் பரவின. ஊர்கள் பெருகின, சாலைகள் வந்தன, நீர்த்தேக்கங்கள் வந்தன, விடுதிகள் வந்தன. ஒரே மலையின் ஒரே காடாக இருந்தது துண்டு துண்டானது. ராபின் குழுவினர் 2015இல் வெளியிட்ட இன்னொரு கட்டுரை, நீலகிரிச் சோலைக்கிளியையும் வெண்வயிற்றுச் சோலைக்கிளியையும் வைத்து, அண்மைக் காலக் காடழிப்பும் அவற்றின் மரபணுவில் தடம் பதித்திருப்பதைக் காட்டியது. தீவுக்குள் தீவுகள் என்றார்கள் அதை. ஒரே மலையில், பார்வைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் இரண்டு சோலைத் துண்டுகளின் பறவைகள் ஒன்றோடொன்று கலக்காமல் போகத் தொடங்கிவிட்டன.

பாட்டிலும் இதே கதை. பாடும் பறவைகளின் குஞ்சுகள் பெரியவற்றைக் கேட்டுத்தான் பாடக் கற்கின்றன. பழைய கணவாய்களால் பிரிந்த சோலைக்கிளிகளின் பாட்டுகளுக்கு நடுவே உள்ள வேறுபாடு பெரிது, காடழிப்பால் பிரிந்தவற்றின் வேறுபாடு அதைவிடச் சிறிது என்று 2016இல் ஓர் ஆய்வு பதிவு செய்தது. எனக்கு இதில் ஒரு நம்பிக்கை தெரிகிறது. பழைய பிரிவு முடிந்துபோன ஒன்று, அதற்குள் தலையிட நமக்கு வேலையில்லை, உரிமையும் இல்லை. புதிய பிரிவு இன்னும் முற்றவில்லை. துண்டுகளை மீண்டும் இணைத்தால் பறவைகள் ஒன்றையொன்று இன்னும் அடையாளம் கண்டுகொள்ளும்.

சிலர் என்னிடம் கேட்பதுண்டு. இடைவெளியால்தானே புது இனம் பிறக்கிறது, நாம் உண்டாக்கும் இடைவெளியாலும் ஒரு புது இனம் பிறக்கலாமே என்று. பிறக்காது. ஆயிரக்கணக்கான பறவைகள் ஒரு மலை முழுக்கப் பரவி, லட்சம் ஆண்டுகள் தனித்திருந்தால் அது நடக்கும். சில ஏக்கர் சோலைக்குள் சில இணைகள் அடைபட்டால் நெருங்கிய உறவுக்குள்ளேயே கூடிக் கூடிச் சந்ததி நலியும். ஒரு தீ, ஒரு நோய், மழை பொய்த்த ஒரு கோடை போதும், அந்தத் துண்டில் பாட்டு நின்றுவிடும். பக்கத்துத் துண்டிலிருந்து வந்து நிரப்ப ஆள் இருக்காது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் நீலகிரிச் சோலைக்கிளி அருகிவரும் இனம். நம் வெண்வயிற்றுச் சோலைக்கிளி அதற்கு முந்தைய படியில், அழிவாய்ப்புள்ள இனமாக இருக்கிறது. வெப்பம் கூடக்கூட மலைப் பறவைகள் இன்னும் மேலே ஏற வேண்டும். இது ஏற்கெனவே மலை உச்சியில்தான் இருக்கிறது.

இதைப் படித்ததும் உங்களுக்கு எழும் கேள்வியை நான் ஊகிக்க முடியும். துண்டுகளை இணைக்கத்தானே நாங்கள் மரம் நடுகிறோம், நடுவில் இருக்கும் வெற்று மேடுகளை நிரப்பினால் பறவைக்கு நல்லதுதானே? நேர்மையான கேள்வி. இதற்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

நீங்கள் வெற்று மேடு என்று நினைப்பது வெறும் மேடு அல்ல. இந்த உயரத்தில் மலை எப்போதும் இரண்டாகத்தான் இருந்திருக்கிறது. ஓடை ஓடும் மடிப்புகளில் சோலை, மேட்டில் புல். உறைபனி விழும் இரவுகளில் திறந்த மேட்டில் சோலை மரக் கன்று தாங்காது, புல் தாங்கும். நீலகிரிச் சதுப்புகளில் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும் கரிமண்ணை எடுத்து ஆராய்ந்து, கடந்த 20,000 ஆண்டுகளில் புல்லும் காடும் எப்படி முன்னும் பின்னும் நகர்ந்தன என்று ஆர். சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் எழுதினார்கள். யாரோ காட்டை வெட்டியதால் வந்த புல்வெளி என்று நினைக்கிறோமே, அது மனிதன் இங்கே கோடாலி கொண்டுவருவதற்கு எவ்வளவோ முன்பிருந்தே இருக்கிறது. சோலைக்கிளியின் முன்னோர்கள் இந்தப் புல் இடைவெளிகளோடு சேர்ந்தே வளர்ந்தன. ஓடையோரப் புதர் வரிசைகள் வழியாக ஒரு மடிப்பிலிருந்து அடுத்த மடிப்புக்குப் போகும் வழி அவற்றுக்கு இருந்தது. அவற்றைத் தடுத்தது புல் இல்லை. ஓடையை ஒட்டிக் கரை வரை வெட்டி முட்டைக்கோஸ் போட்டதும், ஓடையைக் குழாய்க்குள் திருப்பியதும், கரையில் சிமென்ட் சுவர் எழுப்பியதும்தான் தடுத்தன.

பழனி மலையில் நடந்தது என்னவென்று தெளிவான கணக்கு இருக்கிறது. எம். அரசுமணியும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் செயற்கைக்கோள் படங்களையும் களப் பார்வையையும் வைத்து 2018இல் வெளியிட்டது. நாற்பது ஆண்டுகளில் இந்த மலையின் சோலைக் காடுகளில் 31 சதவீதம் போய்விட்டது. புல்வெளியில் 66 சதவீதம் போய்விட்டது. ஒரு காலத்தில் இந்த மலையில் எல்லாவற்றையும்விட அதிகமாகவும் தொடர்ச்சியாகவும் இருந்த புல், இன்று மிக அரிதாகவும் மிகவும் சிதறியும் கிடக்கிறது. அதை விழுங்கியது பெரும்பாலும் தோட்ட மரங்கள்தான், அதற்கு அடுத்துதான் விவசாயம்.

ஆம், மரங்கள்தான் விழுங்கின. நாட்டு விடுதலைக்குப் பிறகு இந்த மலையின் புல்வெளிகளைத் தரிசு என்று கருதி, தோல் பதனிடப் பட்டைக்காகவும் கூழ் ஆலைகளுக்காகவும் வாட்டில் என்னும் சீகை மரத்தையும் யூகலிப்டஸையும் பைனையும் நட்டார்கள். நட்டவர்களும் நல்லது செய்வதாகத்தான் நம்பினார்கள். மலையைப் பசுமையாக்குகிறோம் என்ற அதே சொல்தான் அப்போதும் இருந்தது. ஒருமுறை நட்டது நட்ட இடத்தில் நிற்கவில்லை. வாட்டில் விதை மண்ணுக்குள் பல பத்து ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். தீ பட்டால் கூட்டமாக முளைக்கும். இன்றைக்கு யாரும் நடாத மேடுகளிலும் அது தானே ஏறிக்கொண்டிருக்கிறது.

புல் போனதும் புல்லை நம்பியவை போகின்றன. நீலகிரி நெட்டைக்காலி என்றொரு பறவை, இந்த மலைப் புல்வெளிகளை விட்டால் அதற்கு நாதியில்லை. வரையாடு அப்படித்தான். 2018இல் பூத்தபோது நீங்கள் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்த நீலக் குறிஞ்சியும் இந்தப் புல் மேட்டின் செடிதான். மழை நீரைப் பிடித்து வைத்து, மாதக்கணக்கில் கசியவிட்டு, சோலைக்குள்ளிருக்கும் ஓடையை மாசியிலும் பங்குனியிலும் ஓட வைப்பதும் இந்தப் புல்லும் அதன் நடுவிலுள்ள சதுப்பும்தான். அந்த ஓடைக் கரையில்தான் சோலைக்கிளி கூடு கட்டுகிறது. அதே ஓடைகள் இறங்கிப் போய்த்தான் பழனி அடிவாரத்து வரதமாநதிக்கும் பாலாறு பொருந்தலாறுக்கும் தெற்கே வைகைக்கும் நீர் சேர்க்கின்றன. மேட்டில் நீங்கள் வைக்கும் கன்று பள்ளத்திலிருக்கும் சோலைக்கு உதவும் என்று நினைக்கிறீர்கள். அது வேரூன்றினால் அந்தச் சோலையின் தண்ணீரில்தான் கை வைக்கும்.

சோலை மரக் கன்றையே புல்வெளியில் நட்டாலும் இதே தவறுதான் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நாட்டு மரம்தானே என்ற சமாதானம் அங்கே செல்லாது. பெரும்பாலும் அது உறைபனியில் கருகிவிடும். கருகாமல் பிழைத்தால், இருக்கும் கொஞ்சம் புல்லில் இன்னும் கொஞ்சம் போகும்.

அப்படியென்றால் வந்தேறி மரங்களை எல்லாம் வெட்டிச் சாய்க்க வேண்டும் என்று மறுகோடிக்கு ஓடிவிடாதீர்கள். இந்தக் கோபமும் இப்போது பலரிடம் இருக்கிறது. நீதிமன்ற உத்தரவுகள் வந்திருக்கின்றன, 2022இல் தமிழக அரசு அந்நியத் தாவரங்கள் குறித்து ஒரு கொள்கையே வெளியிட்டிருக்கிறது. நோக்கம் சரி. ஆனால் முதிர்ந்த வாட்டில் தோப்புகளுக்குள் நடந்து பாருங்கள். கொடைக்கானலைச் சுற்றிப் பல தோப்புகளின் அடியில், பக்கத்துச் சோலையிலிருந்து பறவைகள் கொண்டுவந்து போட்ட விதைகள் முளைத்து, நாவல் இனமும் இலவங்க இனமும் இடுப்பளவு, தோளளவு நிற்கின்றன. வாட்டிலின் நிழல் உறைபனியிலிருந்து அவற்றைக் காக்கிறது. அங்கே இயந்திரத்தை விட்டு மொத்தமாக வெட்டினால் கன்றுகள் நசுங்கும், வெயில் தரையில் விழும், மண்ணில் தூங்கும் வாட்டில் விதைகள் கம்பளம் விரித்தாற்போல முளைக்கும். ஐந்தே ஆண்டில் முன்பைவிட அடர்ந்த புதர் நிற்கும். அப்படிப்பட்ட தோப்புகளை அப்படியே விட்டு, வயதாகிச் சாயும் வாட்டில் மரங்களை அவற்றின் போக்கில் சாயவிட்டு, அடியில் இருப்பது எழுந்து வரக் காத்திருப்பதுதான் புத்திசாலித்தனம். இங்கே பொறுமைதான் வேலை. சோலைக்கிளிக்கு வேண்டிய ஈரத் தரை உருவாக வேறு குறுக்குவழி இல்லை.

ஆக, உங்களிடம் நான் கேட்பது இதுதான். நாற்றை விட்டுவிட்டுக் கையுறையோடு வாருங்கள். மிச்சமிருக்கும் புல்வெளிகளின் ஓரத்தில் ஒரு சாண், இரண்டு சாண் உயரத்தில் வாட்டில் கன்றுகள் முளைத்துக்கொண்டிருக்கின்றன. மழைக்காலத்தில் மண் இளகியிருக்கும்போது வேரோடு கையால் பிடுங்கிவிடலாம். இரண்டு மூன்று ஆண்டு விட்டுவிட்டால் அரிவாளும் போதாது. ஐம்பது பேர் ஒரு நாள் குனிந்து வேலை செய்தால் ஒரு முழு மேட்டைச் சுத்தம் செய்துவிட முடியும். அடுத்த ஆண்டு அதே ஆட்கள் அதே மேட்டுக்கு வர வேண்டும், அதற்கடுத்த ஆண்டும் வர வேண்டும், ஏனென்றால் விதை தீராது. ஆண்டுக்கு ஒரு புது இடம் தேடாமல் ஒரே மேட்டைத் தத்தெடுத்துக்கொள்ளும் குழு எதுவோ, அதுதான் இந்த மலைக்கு வேண்டிய குழு.

நட்டே தீருவோம் என்பவர்களுக்கும் இடம் இருக்கிறது, ஆனால் அது நீங்கள் படம் எடுத்துக்கொள்ளத் தோதான இடமாக இருக்காது. பழைய சோலையின் விளிம்பு எங்கே சாலைக்காகவோ வயலுக்காகவோ வெட்டுப்பட்டதோ அங்கே, அதுவும் ஓடையை ஒட்டி இரு கரையிலும், சோலைச் செடிகளை நடலாம். மரம் மட்டும் போதாது, அடியில் வளரும் குறுஞ்செடிகளையும் சேர்த்தே நட வேண்டும், சோலைக்கிளி வாழ்வது அவற்றின் கீழேதான். பண்ணை வைத்திருப்பவர்கள் ஓடைக் கரையில் சில அடி அகலம் விட்டுக்கொடுத்தாலே இரண்டு சோலைத் துண்டுகளுக்கு நடுவில் ஒரு வழி திறந்துவிடும். மேல்மலையில் சில விவசாயிகள் அப்படி விட்டிருக்கிறார்கள், கரை இடியாமல் நிற்கிறது என்று அவர்களுக்கே அதில் நன்மை தெரிகிறது. அவர்களோடு உட்கார்ந்து பேசுவதற்கு உங்களில் பேச்சுத் திறமை உள்ளவர்கள் வேண்டும். அது ஆயிரம் குழி தோண்டுவதைவிடக் கடினமான வேலை.

சோலை நாற்று மெதுவாக வளரும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். விதை கிடைப்பதே சில மரங்களில் எல்லா ஆண்டும் நடக்காது. கிடைத்த விதை முளைக்க மாதங்கள் ஆகும். முளைத்தது நடும் அளவுக்கு வர இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். ஆகவே ஆயிரம் நாற்று அடுத்த வாரம் வேண்டும் என்று கேட்டால் எங்களால் கொடுக்க முடியாது. கொடுக்க முடிந்த இடத்தில் அது சோலை நாற்றாக இருக்காது.

நிதி கொடுக்கும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களும் இதைப் படிப்பீர்கள் என்று நம்புகிறேன். நட்ட கன்றுகளின் எண்ணிக்கையை அறிக்கையில் கேட்பதை நிறுத்துங்கள். அந்த எண்ணுக்காகத்தான் மேடெல்லாம் குழியாகிறது. ஓர் ஓடைக் கரையை மூன்று ஆண்டு பராமரித்த செலவைக் கேளுங்கள், ஒரு புல் மேட்டில் இந்த ஆண்டு வாட்டில் எவ்வளவு குறைந்தது என்று கேளுங்கள், அதற்கு நிதி கொடுங்கள். பேராசிரியர்களே, உங்கள் மாணவர்கள் பிடுங்கிய கன்றுக்கும் நட்ட கன்றுக்குக் கொடுக்கும் அதே மதிப்பெண்ணைக் கொடுங்கள்.

பறவை பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு சொல். சோலைக்கிளி வெளியே வரவில்லை என்று அதன் பாட்டைக் கைபேசியில் ஒலிக்கவிடுகிறீர்கள். தன் எல்லைக்குள் எதிரி நுழைந்துவிட்டதாக நினைத்து அது தீனி தேடுவதை விட்டுவிட்டு, கூட்டை விட்டுவிட்டு வந்து நிற்கிறது. கூடு கட்டும் மாதங்களில் ஊருக்குப் பக்கத்துச் சோலைத் துண்டுகளில் ஒரே இணையை வாரந்தோறும் இப்படி அலைக்கழிக்கிறார்கள். இருள் பிரியும் முன் வந்து ஓடையோரம் சும்மா உட்கார்ந்திருங்கள். அது பாடும். சில நாள் கண்ணிலும் படும்.

வருவதற்கு முன் செய்ய வேண்டியவை சில. இந்த மலையின் கணிசமான பகுதி 2013இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, அனுமதி இல்லாமல் உள்ளே போகக் கூடாது. கன்று பிடுங்குவதாக இருந்தாலும் வனத்துறையிடம் எழுத்தில் கேட்டு, அவர்கள் காட்டும் மேட்டில், அவர்கள் ஆள் உடனிருக்கச் செய்யுங்கள். வாட்டில் கன்றையும் புல்வெளிக்கே உரிய செடிகளையும் பிரித்தறியத் தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவராவது குழுவோடு இருக்க வேண்டும், அவருக்கு அன்றைய கூலியை ஒழுங்காகக் கொடுத்துவிடுங்கள். பிடுங்கியதை ஓடையில் போடாதீர்கள், மேட்டிலேயே வேர் மேலே பார்க்கக் குவித்தால் காய்ந்துவிடும். விதை வைத்த கிளைகளைத் தனியாகக் கட்டிக் கீழே கொண்டுவாருங்கள். ஏறுவதற்கு முன் செருப்பின் அடியையும் வண்டிச் சக்கரத்தையும் கழுவுங்கள், விதை அவற்றிலும் பயணம் செய்யும். ஐப்பசி அடைமழை தொடங்குவதற்கு முந்தைய வாரங்கள்தான் வேலைக்கு ஏற்றவை. தேதி முடிவானதும் எழுதுங்கள், நானும் வந்து சேர்ந்துகொள்கிறேன்.

அன்புடன்,
சோலை நாற்றங்கால் ஊழியன் ஒருவன்
கொடைக்கானல் மலை